டிரைவிங் மாஸ்டரின் பதினோரு நிமிடம்

சினிமாவுக்குப் போகிறேன் என்று ஒரு பெண் வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்பதைச் சினிமாக்காரர்களே பல தடவை எடுத்துக் காட்டிவிட்டார்கள். தட்டு பறக்கும், அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், அம்மா மூலையில் உட்கார்ந்து விசும்புவாள். பெரியவள் சொன்னபோது இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. அப்பா காலுறையைக் கழற்றிக்கொண்டே, "போயேன், வந்துடும்" என்றார். அம்மா, "முதல்ல சாப்பிட வா" என்றாள். ஒரு சின்னச் சண்டையாவது வந்திருக்கலாம் என்று பெரியவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

அந்த வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் பெரியவள், அடுத்தவள் சின்னவள். வீட்டில் கூப்பிடுவதும் அப்படித்தான். அம்மா மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அப்பா டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். இருபத்தாறு வருடமாக, வண்டி கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேரை வண்டி ஓட்ட வைத்தவர். அவர் எல்லாரிடமும் சொல்லும் ஒரே வார்த்தை "வந்துடும்". ஸ்டியரிங்கை உயிர்போகிற மாதிரி கட்டிக்கொள்கிறவரிடமும் அதைத்தான் சொல்வார். ஏழாவது தடவையாக லைசென்ஸ் பரீட்சையில் தோற்றவரிடமும் அதைத்தான் சொன்னார்.

அவர் யாரையும் திருத்தவும் மாட்டார். ஹேண்ட் பிரேக்கை எடுக்காமல் ஒருவர் வண்டியைக் கிளப்பினால், மாஸ்டர் ஜன்னல் வழியாகத் தெருவை வேடிக்கை பார்ப்பார். எஞ்சின் உறுமி, திணறி, அணையும்வரை பார்ப்பார். "நாம சொன்னா காதோட போயிடும். தானா அணைஞ்சாதான் மண்டையில ஏறும்" என்பது அவருடைய சித்தாந்தம். வீட்டிலும் இதே கதைதான். பெரியவள் ஒருநாள் சட்டையின் உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு கிளம்பியபோது, அதைப் பார்த்தும் கையசைத்து அனுப்பிவைத்த புண்ணியவான் அவர்.

இப்படிப்பட்டவர் வாயிலிருந்து வந்த "வந்துடும்" என்ற சொல்லை ஒரு பெண் என்ன செய்வது? பெரியவளுக்கு இருபத்து மூன்று வயது. அப்பா தன்னை நம்புகிறாரா இல்லையா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். இந்த வயதில் அது எதற்கு என்று கேட்கலாம். அவளும் அப்படித் தன்னையே கேட்டுப் பார்த்தாள், பலனில்லை.

அவள் வேலை பார்த்தது ஒரு வீடியோ ஸ்டுடியோவில். ஹார்டுவேர் கடைக்கு மேலே இரண்டு அறை, சொட்டும் ஏசிக்குக் கீழே ஒரு வாளி. கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, கம்பெனிக் கூட்டம் என்று எது வந்தாலும் வெட்டி ஒட்டிக் கொடுப்பது அவள் பொறுப்பு. ஸ்டுடியோக்காரர் பின்னால் நின்றுகொண்டு, "ஃபீல் வேணும்மா, ஃபீல்" என்பார். அவர் அகராதியில் ஃபீல் என்றால் ஸ்லோ மோஷன். மாப்பிள்ளை மூக்கைச் சொறிந்தாலும் மெதுவாகச் சொறிய வேண்டும்.

திரைப்படக் கல்லூரி விண்ணப்பத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு. எது முதல் விருப்பமோ அதற்கு எதிரே ஒன்று என்று எழுத வேண்டும். இயக்கம் என்றுதான் அவள் மனதில் இருந்தது; பள்ளிக்கூட நாளிலிருந்து அதுதான். ஆனால் பேனாவை எடுத்தால் கை நின்றது. "டைரக்டர் ஆகணும்னு அலையறவங்க லாரி லாரியா இருக்காங்க. நீ பேசாம எடிட்டிங் எழுதிப் போடு" என்றார் ஸ்டுடியோக்காரர். அவரை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா என்ன நினைக்கிறார் என்று தெரிந்தால் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

விண்ணப்பத்தோடு ஐந்து நிமிடப் படம் ஒன்று அனுப்ப வேண்டும். தலைப்பு அவர்களே கொடுத்திருந்தார்கள்: உங்கள் வீட்டில் ஒருவர். அவள் அப்பாவை எடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டுடியோ கேமராவை வாங்கி வந்து, முன்னறையில் நாற்காலி போட்டு, முக்காலியில் கேமராவை நிறுத்தி, வேலையைப் பற்றி, வண்டிகளைப் பற்றி எல்லாம் கேட்டாள். நடுவில் ஒரு தடவை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "நான் படம் எடுப்பேன்னு நம்பறீங்களாப்பா?" என்றாள். அப்பா கேமராவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எடுப்பே. கண்டிப்பா எடுப்பே" என்றார். அதற்கப்புறம், தெரிந்ததுதான், "வந்துடும்."

நான்கு நாள் கழித்து, சிக்னலில் பச்சை விழுந்தும், எஞ்சின் அணைந்துபோய், டிரைவிங் ஸ்கூல் வண்டி நகரவில்லை. ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு வங்கி ஊழியர், ஒன்பதாவது நாள் பயிற்சி. தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம், மாஸ்டர் வழக்கம்போலத் தானாகப் புரியட்டும் என்று பேசாமல் இருக்கிறார் என்று அந்த அம்மாள் நினைத்துக்கொண்டார். இன்னொரு பச்சையும் போனது. திரும்பிப் பார்த்தபோதுதான் மாஸ்டரின் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது தெரிந்தது. அந்த அம்மாளே வண்டியை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். வழியில் ஒரு தடவைகூட எஞ்சின் அணையவில்லையாம்.

பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் சின்னவள் சுவரில் சாய்ந்து கதறினாள். அம்மா மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு டாக்டரிடமே குறுக்குக் கேள்வி கேட்டாள். பெரியவள் மேலே பார்த்தாள். டியூப் லைட் மினுக்கிக்கொண்டிருந்தது. இந்த வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் கோடு கோடாக விழும் என்று நினைத்தாள். அதைத் தவிர அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகும் தோன்றவில்லை. மூன்று மாதம் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள், ஸ்டுடியோவுக்குப் போனாள், யார் யாரோ மேடையில் ஆடுவதை வெட்டி ஒட்டினாள். அப்பாவின் கட்டிலை முன்னறைக்கு மாற்றினார்கள். அவள்தான் அவருக்குச் சவரம் செய்தாள், ஒரு கீறல் விழாமல். "உனக்கு உள்ள ஏதாவது இருக்கா இல்லையா? அழக்கூட மாட்டேங்கறியே" என்று சின்னவள் கேட்டாள். பெரியவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்து, "தெரியலை" என்றாள். உள்ளே கையை விட்டுத் துழாவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. அதில் அவளுக்கு வருத்தம்கூட இல்லை.

அப்பாவுக்கு எல்லாம் புரிந்தது. பேசத்தான் முடியவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாள் ஆறு தடவை வந்தார். "ஆ சொல்லுங்க, மா சொல்லுங்க" என்று கண்ணாடியைக் காட்டினார். இருபத்தாறு வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர், வாயை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். வாய் திறந்தால் வரும் கோணல் சத்தம் அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆறாவது தடவைக்கு மேல் அந்த அம்மாள் வரவில்லை.

கல்லூரி கடைசித் தேதியைத் தள்ளிவைத்திருந்தது. அதற்கு மூன்று நாள் இருக்கும்போது பெரியவள் அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்த மெமரி கார்டை முதல் தடவையாகக் கம்ப்யூட்டரில் போட்டாள். இனி அப்பாவை வேறு மாதிரி எடுக்க முடியாது; இருப்பதை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

அவள் எடுத்த எதுவும் அதில் இல்லை.

நான்கு துண்டுகள் இருந்தன. முதல் துண்டில் தரையும் அவளுடைய பாதங்களும். இரண்டாவதில் அவள் தோள், ஜன்னல், "அம்மா, கொஞ்சம் தள்ளிக்கோயேன்" என்ற அவள் குரல். நாலாவது முழுக்க பைக்குள் இருட்டு. பார்த்த உடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆரம்பத்தில் பதற்றத்தில் பதிவுப் பொத்தானை இரண்டு தடவை அமுக்கியிருக்கிறாள். முதல் அமுக்கில் ஓடத் தொடங்கி, இரண்டாவதில் நின்றுவிட்டது. அதற்கப்புறம் எல்லாம் தலைகீழ். அவள் ஓடுகிறது என்று நினைத்தபோதெல்லாம் கேமரா சும்மா இருந்தது, நிறுத்திவிட்டேன் என்று நினைத்தபோதெல்லாம் ஓடியது. கேள்விகள் போயின. பதில்கள் போயின. "கண்டிப்பா எடுப்பே" போனது.

"அட, இது எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும்மா" என்று ஸ்டுடியோக்காரர் சமாதானம் சொன்னார். "எனக்கு ஒரு கல்யாணத்துல முக்கியமான நேரம் பூரா போச்சு. என் செருப்பு மட்டும் அரை மணி நேரம் பளிச்சுனு இருந்துச்சு. பொண்ணோட அப்பா என்னை ஆறு மாசம் தேடினார்." அவள் சிரிக்கவில்லை. பிறகுதான் அந்த அப்பாவி மனிதருக்குத் தான் யாரிடம் பேசுகிறோம் என்று உறைத்தது; வாளியில் தண்ணீர் நிரம்பிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு நகர்ந்தார்.

மூன்றாவது துண்டு மட்டும் நீளமானது. அந்தக் கேள்விக்கு அப்புறம், ஜன்னல் வெளிச்சம் கூசுகிறது, மெல்லிய துணி ஒன்று கட்டலாம் என்று கேமராவை முக்காலியிலேயே விட்டுவிட்டு அவள் மொட்டை மாடிக்கு ஓடியிருந்தாள். அந்த இடைவெளி முழுவதும் பதிவாகியிருந்தது. ஆரம்பத்தில் காலடிச் சத்தமும் கதவுச் சத்தமும்தான். அதைத் தள்ளிவிட்டாள். அப்புறம் நாற்காலியில் அப்பா, பக்கத்தில் எங்கோ அம்மாவின் குரல்.

"எதுக்கு அவகிட்ட அப்படி அளந்தீங்க?"

"என்ன அளந்தேன்?"

"எடுப்பே, கண்டிப்பா எடுப்பேன்னு. உங்களுக்கு நிஜமா அப்படித் தோணுதா?"

அப்பா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "தோணலை."

"பின்ன?"

"டைரக்ஷன்னா நாப்பது பேரை நிக்க வெச்சு வேலை வாங்கணும். இவ, எவனாவது மூஞ்சி சுளிச்சா அவன் வேலையையும் தானே இழுத்துப் போட்டுச் செய்வா. பாத்தே இல்ல, அந்தத் துணியை எடுத்துட்டு வான்னு உங்கிட்டகூடச் சொல்லலை. தானே ஓடறா. கேமராவைத் தனியா விட்டுட்டு எந்த டைரக்டர் மாடிக்கு ஓடுவான்?"

அம்மா சிரித்தாள்.

"சிரிக்காதே. வண்டின்னா என் கால்ல ஒரு பிரேக் இருக்கு. எவன் எங்க கொண்டுபோய் விட்டாலும் பிடிச்சுக்குவேன். இதுல எங்கிட்ட என்ன இருக்கு? நாளைக்கு அவ தோத்துட்டு வந்து வாசல்ல நின்னா, நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கதவைத் திறக்கறது? எனக்கு பயமா இருக்கு."

பெரியவள் அதை இரண்டு தடவை கேட்டாள். இத்தனை நாள் தெரிந்தாக வேண்டும் என்று நினைத்தது தெரிந்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குரல் சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது, ஜன்னல் வெளிச்சத்துக்குத் துணியே தேவைப்பட்டிருக்காது என்று மட்டும் கவனித்தாள். நான்கு துண்டையும் சேர்த்தால் பதினோரு நிமிடம் இருந்தது. ஐந்தாக்க வேண்டும். உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தாள்.

வேலை சுலபமாகவே போனது. தரையில் அலைந்த தன் பாதங்களை முதலில் வைத்தாள். "தள்ளிக்கோயேன்" என்ற குரலை அடுத்து வைத்தாள். அப்பாவின் தீர்ப்பைக் கடைசியில் வைத்தாள். அதை எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். தன்னால் முடியாது என்று அப்பாவே சொல்வதை, இடம் கேட்டுப் போகும் கல்லூரிக்கே அனுப்புவதா? ஆனால் அது இல்லாவிட்டால் படமே இல்லை. அந்த யோசனையிலும் வலி இல்லை. வேறு யாருடைய ஆண்டு விழாவையோ வெட்டுகிற மாதிரிதான் இருந்தது.

கடைசித் தேதிக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. அன்று மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு ஒட்டு மட்டும் சரிசெய்துகொண்டிருந்தாள். மூன்றாவது துண்டு தொடங்கும் இடத்தில் அம்மாவின் குரல் திடுக்கென்று குதித்தது. முன்னால் கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டும். முதலில் தள்ளிவிட்ட நொடிகளைத் திரும்ப இழுத்து, சத்தத்தை ஏற்றி, ஹெட்ஃபோனில் கேட்டாள். அவள் காலடி படியில் ஏறிப் போனது. கதவு சாத்தியது. அதற்கடியில், கிசுகிசுப்பாக, அம்மா.

"அது என்னங்க, கேமரா முன்னாடி சிவப்பா எரியுது? அவ கேள்வி கேட்டப்போ எரியலையே?"

"எரியட்டும்."

"தப்பா அமுக்கிட்டாளோ என்னமோ. கூப்பிட்டுச் சொல்லட்டுமா?"

"வேணாம், விடு. தானா பாத்துக்குவா."

அப்படியென்றால் அப்பாவுக்குத் தெரியும். கேள்வி கேட்டபோது கேமரா ஓடவில்லை என்றும் தெரியும், இப்போது ஓடுகிறது என்றும் தெரியும். "கண்டிப்பா எடுப்பே" என்பதை ஓடாத கேமராவிடமும், "தோணலை" என்பதை ஓடுகிற கேமராவிடமும் சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரியே அவள் போட்டுப் பார்ப்பாள் என்று நினைத்திருப்பார். எஞ்சின் அணைந்தால்தானே மண்டையில் ஏறும்.

மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஏதோ வந்தது. அது கோபம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு! எல்லாம் தெரிஞ்சே பண்ணியிருக்கீங்க. மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொன்னா வாய் முத்தா உதிர்ந்துடும்? நான் என்ன உங்ககிட்ட ஃபீஸ் கட்டிக் கத்துக்க வந்தவளா? நான் உங்க பொண்ணுப்பா!"

"அக்கா, மெதுவா! என்னாச்சு உனக்கு?" என்று உள்ளேயிருந்து சின்னவள் ஓடிவந்தாள். அப்பா விழித்தார். எதைச் சொல்கிறாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. பெரியவள் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, லேப்டாப்பை வைத்து, ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வெட்டாத மூன்றாவது துண்டை ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கப்படட்டும், தலையைக் குனியட்டும் என்று காத்திருந்தாள்.

அவர் குனியவில்லை. மகளைப் பற்றி என்ன சொன்னோம் என்பதையே அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. கேட்டது தன் குரலை. மூன்று மாதமாகத் தன் தொண்டைக்கு வராத குரல், பெட்டிக்குள்ளிருந்து சர்வசாதாரணமாக "எரியட்டும்" என்றது, "என்ன அளந்தேன்?" என்று எகிறியது. அவர் இடது கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். கண் திரையை விட்டு அகலவில்லை. சுவரைப் பார்த்து இறுகிக் கிடந்த அந்த வாய் திறந்து, கோணலாக, திரையில் இருந்தவரின் வாய் போகும் போக்கிலேயே போக முயன்றது. முடிந்ததும் இடது கை விரலால் லேப்டாப்பைத் தட்டினார். மறுபடி, என்று அர்த்தம்.

மறுபடி போட்டாள். பாதி ஓடும்போது படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. சாப்பாட்டு நேரத்துக்கு மருந்துக்கடையிலிருந்து வந்த அம்மா, கடைச் சட்டையோடு வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. "பேசறாரா? கீழ வரைக்கும் கேக்குது. பேசிட்டாரா?"

அம்மா திரையைப் பார்த்தாள், நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள், கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். பெரியவள் பதறிப்போய் நிறுத்தக் கையை நீட்டினாள். "நிறுத்தாதேடி" என்றாள் அம்மா.

அப்போதுதான் பெரியவளுக்கு அழுகை வந்தது. அழகாக ஒன்றும் வரவில்லை. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, சின்னவள் பயந்துபோகிற அளவுக்கு வந்தது. அழுதுகொண்டே மேசையிலிருந்த விண்ணப்பத்தை எடுத்தாள். படத்தொகுப்பு என்ற வரிக்கு எதிரே ஒன்று என்று எழுதினாள். அப்பா சொன்னதற்காக என்றுதான் சின்னவள் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி இல்லை. தூக்கிப் போட்ட சில நொடிகளில் ஒரு மனிதர் முழுசாக இருந்தார், அதைத் தேடி எடுத்தது தன் கை என்பது அவளுக்கு அந்த நிமிடம் தெரிந்தது. நாற்பது பேரை மேய்க்கிற வேலையை யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

நாலாவது தடவை ஓடியபோது பெட்டிக்குள்ளிருந்து அம்மா, "உங்களுக்கு நிஜமா அப்படித் தோணுதா?" என்று கேட்டாள். திரையில் அப்பா ஜன்னலைப் பார்த்தார். அவர் பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "தோ... தோ..."

மூன்று மாதம் கழித்து அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையில் பாதி அது. பெரியவளுக்கு டைரக்ஷன் சரிப்படாது என்ற தீர்ப்பிலும் அதுதான் பாதி. பெரியவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"முழுசா சொல்லுங்கப்பா" என்றாள், நாலு நொடி பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டு. "தோணலை. சொல்லுங்க."